ஓராண்டு பொறுக்கலாமா?

"நாள் சரியில்லை, பொறுங்கள்" என்கிறார் சோதிடர். "நாள் போகிறது, விரையுங்கள்" என்கிறார் தந்தை. ஐந்து வயது நிறையும் தறுவாயில் உள்ள குழந்தையோ திண்ணையில் குந்தி, எறும்புச் சாரை எங்கே போய் முடிகிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

தமிழகத்தில் ஆண்டுதோறும் மே திங்களில் வீட்டுக்கு வீடு நடைபெறும் வழக்கு இது. பிள்ளையை இவ்வாண்டே முதல் வகுப்பில் சேர்ப்பதா, ஓராண்டு பொறுப்பதா? வாதிடுவோர் பலர். பாட்டி ஒருபுறம், தந்தை மறுபுறம், இடையிலே தாய். எதிர்வீட்டார் இருபுறமும்! தீர்ப்பு மட்டும் பெரும்பாலும் பஞ்சாங்கத்திலிருந்து வருகிறது. இல்லையேல் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து வருகிறது.

2024-ஆம் ஆண்டு மே திங்களில் இவ்வழக்கு நம் குடும்பத்துக்கும் வந்தது. தீர்ப்புக் கூறும் பொறுப்பும் நம் தலையில் விழுந்தது. கலைக்கல்லூரியில் தமிழ் பயின்று பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், தற்காலிக ஆசிரியராய்ப் பணியாற்றி வருகிறோம். முதல் வகுப்பு நம்முடையது. ஆகவே, "தம்பி, நீதான் சொல்லவேண்டும்" என்று தமக்கை அழைத்தார்கள். தாய்மாமனை நம் நாட்டில் எதற்கெல்லாம் அழைப்பர் என்பது தோழர்களுக்குத் தெரியும். காது குத்த மடி வேண்டும், சீர் செய்யப் பணம் வேண்டும், மாலை போடக் கழுத்து வேண்டும். அறிவு வேண்டும் என்று ஒரு தாய்மாமனை அழைத்தது நாமறிந்தவரை அதுவே முதல் முறை! மகிழ்வோடு சென்றோம்.

குழந்தைக்கு அவ்வாண்டு ஜூலை 29-இல் ஐந்து நிறைகிறது. தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் ஐந்து நிறைந்த பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கலாம். எல்லைக்கோட்டுக்கு இரண்டே நாள் இப்பால் பிறந்தவள். மூன்று நாள் பிந்திப் பிறந்திருந்தால் கேள்வியே எழுந்திராது. அரசு விதி அவளை ஓராண்டு பொறுக்கச் சொல்லியிருக்கும், குடும்பத்தாரும் அமைதியாய்ப் பொறுத்திருப்பர்.

தமக்கையின் மாமியார் பேச்சைத் தொடங்கினார்கள். சோதிடரிடம் குறிப்பைக் காட்டியாயிற்று. 500 ரூபாய் தட்சணையும் கொடுத்தாயிற்று. சனியின் பார்வை சரியில்லையாம். இவ்வாண்டு பள்ளியில் சேர்த்தால் படிப்பு ஏறாதாம். அடுத்த ஆண்டு விசயதசமியில் அரிசியில் எழுதவைத்து, அதன்பின் சேர்க்கவேண்டுமாம்.

அத்தான் குமுறினார். "எதிர்வீட்டுப் பையனும் இவளும் ஒன்றாகத்தான் யூ.கே.ஜி. படித்தார்கள். அவன் முதல் வகுப்புக்குப் போவான், இவள் மட்டும் பழைய பெஞ்சிலேயே உட்காருவதா? ஓராண்டுக் கட்டணமும் வீண், ஓராண்டு வாழ்வும் வீண்" என்றார்.

தமக்கை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர்ப் படிப்பகத்துத் தோழர் ஒருவரிடம் இதைக் கூறினோம். அவர் நகைத்தார். "இதில் ஆராய என்ன இருக்கிறது? சோதிடன் பொறு என்கிறான். நீ உடனே சேர் என்று சொல்லிவிட்டு வா. மூடத்தனத்தின் முதுகெலும்பு முறியட்டும்!" என்றார்.

துடிப்பான விடை, கைதட்டலுக்குரிய விடை. ஆயினும் ஒன்று கேட்கிறோம். சோதிடர் மழை வரும் என்றார் என்பதற்காக, வானம் கறுத்திருக்கையில் குடையை வீட்டில் வைத்துவிட்டா கிளம்புவோம்? சோதிடர் சொன்னதற்கெல்லாம் எதிரானதைச் செய்பவனையும் சோதிடரே ஆட்டிவைக்கிறார். பஞ்சாங்கத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் படித்தாலும் அது பஞ்சாங்கமே. சனியை விலக்கிவிட்டோம், நன்று. விலக்கிய இடத்தில் எதை வைப்பது? குழந்தையை வைக்கவேண்டும். அவள் கையை, கண்ணை, நாவை, அச்சத்தை, ஆவலைப் பார்க்கவேண்டும்.

நம் பாட்டனார் காலத்துப் பள்ளியில் ஒரு சோதனை இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடவேண்டும். தொட்டால் சேர்க்கை, தொடாவிட்டால் அடுத்த ஆண்டு வா! பிறப்புச் சான்று இல்லாத காலம் அது. நாடு முழுமைக்கும் ஒருசீரான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. தலைமையாசிரியர் காதைத் தொடச் சொல்லிவிட்டு, தாமே ஒரு பிறந்த நாளையும் எழுதிக்கொள்வார். ஊருக்கு ஊர் ஜூன் திங்களில் பிறந்த முதியோர் இத்தனை பேர் இருப்பதன் மருமம் அதுவே! நகைப்புக்கிடமான முறைதான். கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கை குறுகியது. வளர வளரக் கை நீண்டு காதை எட்டுகிறது என்ற உடற்கூறு அதிலே மறைந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் உண்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளையின் கையும் கஞ்சிக்கு ஏங்கிய வீட்டுப் பிள்ளையின் கையும் ஒருசேர வளருமா? அதைக் கேட்க அன்று அங்கே ஆளில்லை. எனினும் அந்தத் தலைமையாசிரியர் ஒரு கணமேனும் குழந்தையை நிமிர்ந்து பார்த்தார். நாம் இன்று சான்றிதழைப் பார்க்கிறோம், சாதகத்தைப் பார்க்கிறோம், எதிர்வீட்டைப் பார்க்கிறோம்.

முதல் வகுப்பை ஜூன் திங்களில் வந்து பார்த்தவர்க்கே இது முழுதும் விளங்கும். ஒரே பாயில் இருவர் அமர்ந்திருப்பர். ஒருத்திக்கு ஆறு நிறையச் சில கிழமைகளே உள்ளன; மற்றொருத்திக்கு ஐந்தே இன்னும் நிறையவில்லை. இடையே பதினொரு திங்கள். நமக்குப் பதினொரு திங்கள் ஒரு பொருட்டன்று. ஐந்து வயதினளுக்கோ அது வாழ்ந்த வாழ்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு! மூத்தவள் கதையைக் கேட்டு முடித்து, "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்கிறாள். இளையவள் கதையின் நடுவில் உறங்கிவிடுகிறாள். ஆசிரியர் என்ன எழுதுகிறார்? மூத்தவள் கெட்டிக்காரி, இளையவள் மந்தம்! திங்கள் கணக்கில் வந்த வேறுபாடு, அறிவுக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியதைக் குழந்தையும் நம்பத் தொடங்கிவிட்டால், பிறகு அழிப்பது எளிதன்று.

எழுதும் கையையே எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புகளே. ஒன்றன்பின் ஒன்றாய் எலும்பாகி, எட்டும் உருப்பெறப் பத்து ஆண்டுக்குக் குறையாது செல்லும். ஐந்து வயதில் அந்தப் பணி நடுவழியில் இருக்கிறது. அந்தக் கையில் எழுதுகோலைத் திணித்து, இரட்டைக்கோட்டு ஏட்டில் பக்கம் பக்கமாய் எழுதவைக்கிறோம். விசயதசமியன்று அரிசியில் எழுதவைக்கும் 'அ' இருக்கிறதே, சுழித்து வளைத்து ஏற்றி இறக்கி எழுதவேண்டிய அதைப்போல் பிஞ்சு விரலுக்குக் கடினமான எழுத்துகள் சிலவே. அதனால்தான் எழுதக் கற்பிக்கையில் 'ட', 'ப', 'ம' என்று நேர்க்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்கும் முறை ஆசிரியரிடையே உண்டு. இரு கோடு போட்டால் 'ட' வந்துவிடும். குழந்தை வெற்றிச் சிரிப்புச் சிரிக்கும். சடங்கு கடினத்தில் தொடங்குகிறது, கல்வி எளிமையில் தொடங்குகிறது. நல்ல நேரத்தில் தாத்தாவின் கை பிடித்து எழுதிய 'அ', தாத்தா எழுதிய 'அ'. குழந்தைக்கு அதில் பங்கில்லை.

உலகம் என்ன சொல்கிறது என்று நோக்கினோம். பின்லாந்தில் ஏழு வயதில் பள்ளி. அதற்கு முந்திய ஓராண்டு முன்பருவ வகுப்பு 2015 முதல் கட்டாயம். இங்கிலாந்தில் ஐந்து. 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இடம்பெற்ற எண் அது. இந்தியாவில் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை என்கிறது. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் முதல் வகுப்புக்கு ஆறு என்கிறது. 2022 முதல் கேந்திரிய வித்யாலயங்களில் அதுவே விதி. தமிழ்நாட்டில் ஐந்து. ஆக, குழந்தைக்குப் பள்ளி தொடங்கவேண்டிய வயதென இயற்கை எங்கும் கல்வெட்டுப் பொறித்து வைக்கவில்லை. நாடுகள் தத்தம் வசதிக்கும் வறுமைக்கும் வரலாற்றுக்கும் ஏற்பக் கோடு கிழித்திருக்கின்றன. கோடு வேண்டும், அதைக் கும்பிடவேண்டியதில்லை.

கோட்டின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஒரு சான்று காண்போம். 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செப்டம்பர் முதல் நாளை வயது எல்லையாய்க் கொண்ட மாநிலங்களை எடுத்துக்கொண்டனர். ஆகஸ்டில் பிறந்தவர் வகுப்பிலே மிக இளையோர். செப்டம்பரில் பிறந்தவர் மிக மூத்தோர். கவனமின்மையும் துறுதுறுப்பும் மிகுந்த நோய் என்று மருத்துவர் முத்திரை குத்தியது, செப்டம்பர்ப் பிள்ளைகளில் 10,000-க்கு ஏறத்தாழ 64 பேருக்கு. ஆகஸ்டுப் பிள்ளைகளில் 85 பேருக்கு! ஒரு திங்கள் இடைவெளியில் பிறந்தவர்களிடம் நோய் இப்படி மாறுமா? மாறாது. இளமை நோயெனக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அங்கே மருத்துவர் செய்ததை இங்கே சோதிடர் செய்கிறார், கட்டணம்தான் வேறு!

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையன்று. நார்வே நாட்டில் பல்லாயிரம் இளைஞரின் கணக்கை எடுத்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டனர். பதினெட்டு வயதில் எடுத்த அறிவுத்திறன் தேர்வில், பள்ளியை எந்த வயதில் தொடங்கினர் என்பதால் பெரிய வேறுபாடு விளையவில்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் படிக்கத் தொடங்கியோரையும் ஏழு வயதில் தொடங்கியோரையும் ஒப்பிட்டனர். பதினொரு வயதளவில் பிந்தியவர் முந்தியவரை எட்டிவிட்டனர். ஆகவே அத்தானின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை: ஓராண்டு பொறுத்தவள் வாழ்நாளெல்லாம் பின்தங்குவாள் என்பது பொய். பொறுத்தால் பேரறிஞர் ஆவாள் என்று எவரேனும் சொன்னால் அதுவும் பொய். கேள்வி மிகச் சிறியது, மிக நேரானது: இந்தக் குழந்தைக்கு, இந்த ஜூன் திங்களில், அந்த வகுப்பறை இன்பமாயிருக்குமா, துன்பமாயிருக்குமா?

இரு நாள் தங்கிப் பார்த்தோம். அறிவுக்குக் குறைவில்லை. இருபது வரை எண்ணுகிறாள். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கையில் நரிக்கு ஒரு தங்கையையும் சேர்த்துவிடுகிறாள். 'ட' எழுதச் சொன்னோம், எழுதினாள்; மூன்றாவது வரியில் கை வலிக்கிறதென்று நீட்டினாள். ஆனால் நம்மை உறுத்தியது வேறொன்று. காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர்ப் புட்டி மாலையில் நிறைந்தே திரும்புகிறது என்று தமக்கை பேச்சோடு பேச்சாய்ச் சொன்னார்கள். ஏனம்மா குடிக்கவில்லை என்று குழந்தையைக் கேட்டோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு நம் காதருகில் வந்து சொன்னாள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், போக ஆசிரியையைக் கேட்கவேண்டும், கேட்க அச்சமாயிருக்கிறது. ஆகவே நாள் முழுதும் தாகத்தோடு இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அதுதான் நமக்குக் கிடைத்த சாதகம். பன்னிரண்டு கட்டத்தையும் பார்த்த சோதிடருக்கு அந்தப் புட்டி தென்படவில்லை. எதிர்வீட்டையே பார்த்திருந்த அத்தானுக்கும் தென்படவில்லை.

முதல் வகுப்பு என்பது பாடம் மட்டுமன்று. நாற்பது பேருக்கு நடுவில் எழுந்து நின்று, "எனக்கு இது வேண்டும்" என்று ஓர் அந்நியரிடம் கேட்கும் துணிவு அதற்கு முதல் தகுதி. அந்தத் துணிவு சில பிள்ளைகளுக்கு நாலில் வரும், சிலருக்கு ஆறில் வரும். இவளுக்கு வந்துகொண்டிருந்தது, வந்துசேரவில்லை. வீட்டில் புத்தகம் இருக்கிறது, பாலும் முட்டையும் இருக்கின்றன, கதை சொல்லத் தாய் இருக்கிறார். ஓராண்டு கட்டணம் செலுத்தவும் இயலும். ஆகவே நம் கருத்தைச் சொன்னோம்: யூ.கே.ஜி.யிலேயே இன்னோர் ஆண்டு இருக்கட்டும். அந்த ஆண்டில் எழுத்துப்பயிற்சி ஏட்டைக் கட்டிப் பரண்மேல் வையுங்கள். மண்ணில் எழுதட்டும், கத்தரியால் வெட்டட்டும். கடைக்கு அனுப்புங்கள், தானே கேட்டு வாங்கட்டும். கிணற்றடி வீட்டுப் பிள்ளைகளோடு ஆடட்டும். அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்பதைப் பள்ளியில் போய்ச் சொல்லுங்கள்.

அத்தான் இரவெல்லாம் பேசவில்லை. காலையில் தேநீர் குடித்துக்கொண்டே, "தண்ணீர் குடிக்காமலா இருந்தது குழந்தை?" என்றார். அவ்வளவுதான். ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதில் அனைவரினும் மகிழ்ந்தவர் தமக்கையின் மாமியார். "பார்த்தாயா, சோதிடர் சொன்னதையே படித்த பிள்ளையும் சொல்லிவிட்டது!" என்றார்கள். "இல்லை அத்தை, சோதிடர் விசயதசமி என்றார், நாம் பள்ளி திறக்கும் ஜூன் என்கிறோம். அவர் அரிசியில் எழுதச் சொன்னார். நாம் மண்ணில் விளையாடச் சொல்கிறோம். அவர் சனியைப் பார்த்தார், நாம் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தோம்" என்றோம். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். ஊருக்குச் சோதிடர் வென்றதாகவே செய்தி போயிற்று.

படிப்பகத்துத் தோழரும் அவ்வாறே கருதினார். "கடைசியில் நீயும் சனிக்குச் சாமரம் வீசிவிட்டாயே!" என்றார். நாம் வருந்தவில்லை. இரு வழிகள் ஒரே ஊரில் போய்ச் சேர்வதுண்டு. அதனால் இரண்டும் ஒரே வழியாகிவிடுமா? சோதிடர் காட்டிய காரணத்தால் பொறுத்திருந்தால், அந்த ஓராண்டும் சனிக்கிழமைதோறும் எள்விளக்கு எரிந்திருக்கும், புட்டி நிறைந்தே திரும்பியிருக்கும். மேலும், நம் காரணத்தை நாளைக்கே சோதிக்கலாம். மூன்று திங்களில் அவள் துணிவு பெற்றுவிட்டாலோ, அந்த வகுப்பு அவளுக்குச் சலித்துவிட்டாலோ, முடிவை மாற்றலாம், மாற்றவேண்டும். சனியின் பார்வையைச் சோதிக்க எந்த ஆசிரியரால் இயலும்?

ஆனால் தோழர் வேறொன்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நாம் திணறியிருப்போம். "இந்தப் பொறுமையை உன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைப்பாயா?" என்பதே அந்தக் கேள்வி.

மாட்டோம்! ஏன் என்பதை அதே மே திங்களின் இறுதியில் ஒரு வீட்டு வாயிலில் நேரிலே கண்டோம்.

மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாய்ச் சென்றுகொண்டிருந்தோம். ஊரின் கடைக்கோடியில், வாய்க்காலைத் தாண்டி ஒரு குடிசை. தாய் நடவுக்குப் போகிறவர். வாயிலில் ஒரு சிறுமி, இடுப்பில் தம்பி. பாதி உடல் அவன் எடையால் ஒருபுறம் சாய்ந்திருந்தது. வயது என்ன என்றோம். "கஜா புயல் அடிச்ச வாரம் பொறந்தா சார்" என்றார் தாய். கஜா 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்தது. ஆக ஐந்தரை வயது. நம் தமக்கை மகளைவிட எட்டுத் திங்கள் மூத்தவள். சேர்த்துவிடலாமே என்றோம். "அடுத்த வருசம் சேத்துக்கலாம் சார். இவனைப் பாத்துக்க ஆளில்லை. இவன் நடக்க ஆரம்பிச்சிட்டா அனுப்பிடறேன்" என்றார்.

"அடுத்த வருசம்"! பட்டணத்துத் திண்ணையில் கேட்ட அதே சொல். அங்கே அந்தச் சொல்லுக்குள் பாலும் கதையும் இருந்தன. இங்கே அதற்குள் ஒரு பச்சைக்குழந்தையின் எடை இருந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு குழந்தை வரலாம். இல்லையேல் ஆடு வரலாம். எட்டு வயதில் சேர்ந்து, ஆறு வயதினரோடு அமர நாணி, பத்து வயதில் நின்றுவிட்ட பெண்களை இந்த ஊரிலேயே காட்டுவோம். இவர்களுக்குப் பள்ளியைப் பிந்தச் சொன்னது சனியன்று. கூலி குறைந்த நாடு சொன்னது, பெண்ணென்றால் பிள்ளை சுமக்கப் பிறந்தவள் என்ற எண்ணம் சொன்னது. அதற்கும் முன்னே நூற்றாண்டுக் கணக்கில், நீ திண்ணையில் ஏறாதே என்று சாதி சொன்னது. இவர்தம் பரம்பரை பொறுத்த ஆண்டுகள் போதாவா? இன்னும் ஓராண்டா?

"வீடும் ஒரு பள்ளிதானே, இருக்கட்டுமே" என்பாரும் உளர். அந்தப் பேச்சுக்கு இந்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. நாம் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன், 1953-இல், சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாய்க் குறைத்து, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றது இராசாசி அமைச்சரவை. குலக்கல்வி எனப் பெயர் சூட்டி நாடே எதிர்த்தது. 1954-இல் திட்டம் போயிற்று. வீடு நல்ல பள்ளிதான், வீட்டில் ஏடு இருந்தால், உலை கொதித்தால், பேச ஓய்வுள்ள தாய் இருந்தால். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நம் ஒன்றியப் பள்ளியே பள்ளி, அதுவே சமையலறை, அதுவே கதை சொல்லும் பாட்டி. 1956-இல் காமராசர் தொடங்கிய பகலுணவு 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. இந்தச் சிறுமியை ஓராண்டு பொறுக்கச் சொல்வதென்றால், ஓராண்டு காலையும் பகலும் அந்தத் தட்டைப் பறிப்பதென்று பொருள். முதல் வகுப்புக்கு ஆறு வயது என்று கோடு கிழிக்க விரும்புவோர் முதலில் இவள் ஐந்தாவது வயதை எங்கே, எவரோடு, என்ன உண்டு கழிப்பாள் என்பதற்கு விடை சொல்லட்டும்.

தாயோடு வாதிடவில்லை; அவர் மேல் குற்றமும் இல்லை. நாளுக்கு நாள் கூலிக்குப் போகிறவரிடம் கல்வியின் மேன்மையைச் சொற்பொழிவாற்றுவது எளிது; தம்பியை யார் தூக்குவது என்பதே வழக்கு. அதற்கு விடை நம் பள்ளி வளாகத்திலேயே இருந்தது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி, எங்கள் மதிலுக்கு உட்புறமே நடக்கிறது. கைக்குழந்தையை நாளெல்லாம் வைத்துக்கொள்வது அவர்கள் விதியில் இல்லை. அங்கன்வாடிப் பணியாளரிடமும் தலைமையாசிரியரிடமும் மூன்று மாலைகள் பேசினோம். தாயின் அண்டை வீட்டு முதியவள் ஒருத்தி வந்து அங்கே உட்கார இசைந்தாள். பிறப்புச் சான்று வெள்ளத்தில் போயிற்று என்றார் தாய். வயதுச் சான்று இல்லையென்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கக்கூடாதென்று கல்வி உரிமைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு சொல்கிறது. அதைத் தலைமையாசிரியருக்கு நினைவூட்டவேண்டிய தேவை எழவில்லை. அவரே புயலின் நாளை நாட்காட்டியில் பார்த்துச் சொல்லிவிட்டார்.

தமக்கை மகள் 2025 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தாள். புட்டி இப்போது பாதியாய்த் திரும்புகிறதாம்.

குடிசைச் சிறுமி அதற்கு ஓராண்டு முன்பே சேர்ந்துவிட்டாள். முதல் கிழமை அவள் எதையும் எழுதவில்லை. உப்புமாவை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டாள். ஒருபுறமாய்ச் சாய்ந்தே அமர்ந்திருந்தாள், இடுப்பில் எவரும் இல்லாதபோதும். இரண்டாம் கிழமை, நாம் கரும்பலகையில் 'ட' எழுதிக்கொண்டிருக்கையில் எழுந்து நின்று, வகுப்பே திரும்பிப் பார்க்கும் குரலில், "சார், தம்பி அழறான், கேக்குது. போய்ப் பாத்துட்டு வந்து எழுதட்டா?" என்றாள்.

போய்வரச் சொன்னோம். அவள் வரும்வரை அந்த எழுத்தை அழிக்கவில்லை.